சுவர் வேர்க்கிறதாம்!

"அக்கா, இது லீக் இல்ல. பழைய வீடுதானே, சுவர் வேர்க்கும்."

இன்று காலை எங்கள் ஹோல் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு பிளம்பர் தம்பி சொன்னது இது. வேர்க்குமாம்! ஐம்பதுகளில் அப்பப்பா கட்டிய சுவர். கொழும்பில் பெய்த அத்தனை மழையையும் பார்த்துவிட்டு ஒரு சொட்டு ஈரம் காட்டாமல் நின்ற சுவர். மறுபக்கக் குளியலறைக்குப் புது பைப் இழுத்து மாபிள், அதாவது டைல், பதித்து முடித்த பிறகு, சரியாக அந்த பைப் போகிற உயரத்தில், ஒரு தலையணை அகலத்துக்கு வேர்க்கத் தொடங்கிவிட்டதாம்.

பழைய வீட்டில் பாத்ரூம் வேலை செய்வித்தவர்களுக்கு இதற்கு மேல் நான் எதையும் விளக்கத் தேவையில்லை. உங்களுக்கும் ஏதாவது ஒன்று சொல்லியிருப்பார்கள். "கொமட் கொஞ்ச நாள்ல செட் ஆகிடும், ஆட்டம் நின்றிடும்." "மணம் புது சீமெந்து மணம், போயிடும்." "தண்ணி வாசல் பக்கம்தான் ஓடும், வைப்பரால தள்ளி விடுங்க." எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலில் அவர்கள் செய்த வேலை மட்டும் ஒருநாளும் வராது.

நான் விடவில்லை. "வேர்வை என்றால் பெயின்ட் ஏன் தம்பி கொப்புளிச்சு உரியுது?" என்று கேட்டேன்.

"அது மழை ஈரம் அக்கா."

"மழை எங்கே பெய்தது? இந்த வெயிலைப் பார்."

"அப்போ கடல் காத்து. வெள்ளவத்தையில எல்லா வீட்டிலும் இப்படித்தான்."

கடல் மெரைன் டிரைவ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தச் சுவர் வீட்டுக்கு நட்ட நடுவில் இருக்கிறது. கடல் காற்று கேட்டைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, அலுமாரியைத் தாண்டி வந்து, தேடிப் பிடித்து இந்த ஒரு இடத்தை மட்டும் நனைத்துவிட்டுப் போகுமா? வேறு எந்தச் சுவரும் அதன் கண்ணில் படவில்லையா?

சரி, வா மீட்டரைப் பார்ப்போம் என்று கேட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் இருக்கிற எல்லாக் குழாயையும் மூடினேன். மேலே டேங்க்குக்குப் போகிற வால்வையும் மூடினேன். வாஷிங் மெஷின் ஓடவில்லை, தோட்டத்துக் குழாய் திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பாவிக்கப்படாத நேரத்தில் மீட்டர் அசையக் கூடாது. எண்களுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், தெரியுமல்லவா? அது சுற்றிக்கொண்டே இருந்தது. வேகமாகக்கூட இல்லை. நிதானமாக, நிற்காமல், எங்கள் காசைத் தின்றுகொண்டு சுற்றியது.

"மீட்டர் பழசு அக்கா. காத்துக்கும் சுத்தும்."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் போட முடியாது. சுவர் வேர்க்கும், மழை ஈரம், கடல் காற்று, கடைசியில் மீட்டரே பொய் சொல்கிறது. இந்த வீட்டில் உள்ள எல்லாமே பொய், அவர் போட்ட ஜொயின்ட் மட்டும்தான் உண்மை!

குளியலறைக்குப் போகிற மெயின் லைனில் ஒரு ஸ்டொப் கொக் இருக்கிறது. அதைப் பூட்டினேன். சக்கரம் நின்றது. திறந்தேன். சுற்றியது. பூட்டினேன். நின்றது. "பார் தம்பி, நல்லா பார்" என்று மறுபடியும் திறந்தேன், மறுபடியும் பூட்டினேன். எதிர் வீட்டு அன்ரி பல்கனிக்கு வந்து பார்க்கிற வரைக்கும் நான் நிறுத்தவில்லை. பிளம்பர் தம்பி தலையைச் சொறிந்தார். தலையைச் சொறிந்துவிட்டு என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? "அப்போ மாபிள் பாஸ் எங்கேயாவது ஆணி அடிச்சிருப்பார்."

மாபிள் பாஸுக்கு, அதாவது மாபிள் பதித்த மேசனுக்கு, போன் போட்டால் அவர் என்னைவிட உரத்துக் கத்துகிறார். பைப் வேலை முடிந்துவிட்டது, மூடலாம் என்று பிளம்பர் சொன்ன பிறகுதான் மூடினாராம். பிளம்பரைக் கேட்டால், மூடுவதற்கு முன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். இரண்டு பேரும் ஒரே பாத்ரூமுக்குள், ஒரே வாளியில் சீமெந்து குழைத்து, ஒன்றாகத் தேநீர் குடித்து வேலை செய்தவர்கள். அப்போது கதைக்க அவ்வளவு கதை இருந்தது. இந்த ஒரு கதையை மட்டும் கதைக்கவில்லை.

உடைக்கத்தான் வேண்டும் என்றார் பிளம்பர். மாபிள் பக்கம் தொடாதே, ஹோல் பக்கத்தால் உடை என்றேன். உடைத்தார். உள்ளே கபுக் கல், அதாவது செம்மண் பாறையில் வெட்டிய கல். பழைய கொழும்பு வீட்டுச் சுவர் பாதிக்கு அதுதான். காய்ந்திருந்தால் உளி பட்டு உதிரும் கல், தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிவந்த சேறாகி, விரலால் தோண்டினால் வழித்துக்கொண்டு வந்தது. அதற்குள்ளே இருந்தது அவருடைய கைவேலை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் இப்போதே பல்லைக் கடித்திருப்பீர்கள். சுவருக்குள் பழைய ஜீ.ஐ. பைப் ஒன்று இருந்தது, அரை அங்குலம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு மீட்டரடியிலிருந்து புதிதாக இழு என்றுதான் முதல் நாளே சொன்னேன். "இரும்பு நல்ல இரும்பு அக்கா, இப்ப இப்படி எங்க கிடைக்குது" என்று ஒரு துண்டைச் சுவருக்குள்ளேயே விட்டிருக்கிறார். ஜீ.ஐ. பைப் என்றால் இரும்புக்கு நாகம் பூசியது. அந்தப் பூச்சு இருக்கும் வரைக்கும்தான் அதற்கு ஆயுள். பூச்சுத் தேய்ந்ததும் உள்ளே துரு கட்டிகட்டியாக வளர்ந்து, வழி சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் ஒரு பென்சில் போகிற அளவுக்கு வந்துவிடும். காலையில் முதல் வாளி செம்மண் நிறத்தில் வருவதும், இரண்டு குழாயை ஒன்றாகத் திறந்தால் ஒன்று செத்துப்போவதும் அதனால்தான். அந்த நல்ல இரும்பின் நுனியில், துருப்பிடித்த மரையில், பிளாஸ்டிக் பௌசெட் சொக்கெட் ஒன்றை மாட்டி பைப் ரென்சால் முறுக்கியிருக்கிறார்.

பௌசெட் சொக்கெட் என்றால் பைப்பை இணைக்கிற துண்டு, மரை உள்பக்கம் இருப்பது. இரும்பு மரை நுனியில் சிறுத்து, போகப் போகத் தடித்து வரும். அதைப் பிளாஸ்டிக்குக்குள் ஏற்றி முறுக்க முறுக்க, அது உள்ளேயிருந்து பிளாஸ்டிக்கை விரித்துக்கொண்டே போகும். மரையில் பிடி போதாது என்று திரட் சீல் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினால் இன்னும் விரியும். போட்ட அன்று பிடிக்கும். பிறகு நெடுக்காகப் பிளக்கும். இதற்கென்றே உள்ளே பித்தளை மரை வைத்த சொக்கெட் இருக்கிறது. பழைய சோனகத் தெருவில் எந்த ஹாட்வெயாரில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இந்தப் பாத்ரூமுக்கு நான் கொட்டிய காசில் அது ஒரு கணக்கா?

கண்ணால் பார்த்தேன். வெள்ளை சொக்கெட்டின் முதுகில் தலைமயிர் அளவுக்கு ஒரு கீறல். அதிலிருந்து ஊசி நுனி மாதிரி தண்ணீர் பீறிட்டு, எதிரே இருந்த கபுக் கல்லில் சின்னதாக ஒரு குழி தோண்டியிருந்தது. மெயின் லைன் தண்ணீர். ஊர் படுத்த பிறகு எல்லாரும் குழாயை மூட, லைனில் அழுத்தம் ஏறும். நாங்கள் நித்திரையாக இருக்கும்போதுதான் அது மும்முரமாகத் தோண்டியிருக்கிறது.

சொக்கெட்டைக் கழற்றப் பார்த்தால் அது திரும்பவில்லை. அதற்கு அடுத்த எல்போ, அந்த வளைவுத் துண்டு, மாபிள் பக்கச் சீமெந்துக்குள் இறுகிப்போய் இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்தாலும் உடைத்தாயிற்று. மூன்று மாபிள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். மூடுவதற்கு முன் ஏன் ஒருவரும் பைப்பைச் சோதிப்பதில்லை? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எல்லா வாயையும் பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பால் தண்ணீர் ஏற்றி, வழக்கமான அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்குக்குக் கொண்டுபோய், கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் இல்லையா? பிளக்கை அடைத்துவிட்டு மெயினைத் திறந்து ஓர் இரவு விடு. காலையில் வந்து ஒவ்வொரு ஜொயின்டையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார். இவ்வளவுதானே! அந்த ஓர் இரவைத் தர இந்த ஊரில் எந்த பாஸுக்கும் மனம் வராது. இவர் செய்த சோதனை என்ன தெரியுமா? குழாயைத் திறந்தார். "தண்ணி வருது அக்கா, சரி" என்றார். குழாயைத் திறந்தால் அழுத்தம் வெளியே போய்விடும் ஐயா! ஓடுகிற தண்ணீரை வைத்து லீக்கைக் கண்டுபிடிக்கிறவரை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

சுவருக்குள் போகிற பைப் இருபது முப்பது வருசம் அங்கேயே இருக்க வேண்டியது. மாபிளை மாற்றலாம், பேசினை மாற்றலாம், மனசு வந்தால் கதவையும் மாற்றலாம். பைப்பை மட்டும் நினைத்தபடி மாற்ற முடியாது. ஆனால் வேலை நடக்கும்போது எல்லாருடைய கவனமும் மாபிளில்தான். எந்த நிறம், எந்த பளபளப்பு, குறுக்காக ஒரு பட்டி ஓட விடுவோமா அக்கா? பைப்பைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் விழாது.

அதே கதைதான் ஷோரூமிலும். தட்டு அகலத்துக்கு ஒரு ரெயின் சவரைக் காட்டினார்கள். திறந்தால் அருவியாகக் கொட்டுகிறது, ஆசையாக இருக்கிறது. அங்கே பின்னால் பம்ப் இருக்கிறது. எங்கள் டேங்க் சவருக்கு மேலே மூன்று மீட்டர்கூட இல்லை. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம். மூன்று மீட்டருக்கு 0.3. ஒரு பாருக்குச் செய்த சவரில் அது நடு ஓட்டைகளால் சொட்டும், மிச்சம் காய்ந்திருக்கும். வீட்டு டேங்க் எவ்வளவு உயரம் என்று விற்கிறவர் ஒரு வார்த்தை கேட்டாரா? நான்தான் கேட்டேன், நான்தான் வேண்டாம் என்றேன். கேட்காமல் வாங்கிப்போனவர்கள் எத்தனை வீட்டில் வாளியில் குளிக்கிறார்களோ! 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரி வேறு. பில்லின் அடியில் அதைப் பார்க்கும்போது, இந்தக் காசுக்காவது ஒழுங்காகச் சொல்லி விற்கக் கூடாதா என்று இருக்கிறது.

இந்த வேலையை நாங்கள் அழகுக்காகத் தொடங்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. பழைய குந்துகிற பேசினில் இருந்து எழும்ப, கதவைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். அதற்காகத்தான் கொமட், அதற்காகத்தான் சுவரில் கைபிடி, வழுக்காத தரை மாபிள். போட்டு முடித்த அன்று கைபிடியைப் பிடித்துத் தானாகவே எழும்பிவிட்டு, "இனி உன்னை நடுச்சாமத்தில எழுப்ப மாட்டன்" என்றார். இன்று காலை லைனைப் பூட்டியதோடு பாத்ரூமும் பூட்டு. அம்மா மறுபடியும் பின்வளவில் இருக்கிற பழைய கழிப்பறைக்கு, படியிறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு போகிறார். எழுபத்தெட்டு வயதில். ஒரு பித்தளை சொக்கெட் போடாததால்.

என்னுடைய கோபம் காசுக்கில்லை. காசுக்கும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் பில்லில் யுனிட் ஏற ஏற ஒரு யுனிட்டின் விலையும் சேர்ந்து ஏறும். ஆயிரம் லீட்டருக்கு ஒரு யுனிட். அந்தச் சுவர் குடித்ததற்கு நான் உயர்ந்த படியில் கட்ட வேண்டும். ஆனால் அம்மா அந்தப் படியில் கால் வைக்கும்போது எனக்கு வருகிற ஆத்திரம் வேறு.

மாபிளும் கிடைக்காது. கடைக்குப் போன் போட்டால், "அந்த பேட்ச் முடிஞ்சு மெடம், அதே டிசைன் இருக்கு" என்கிறார்கள். அதே டிசைன், வேறு பேட்ச் என்றால் நிறம் ஒரு சாயல் மாறும். சுவரின் நடுவில் மூன்று மாபிள் மட்டும் தனியாகத் தெரியும். பிளம்பர் தம்பிக்கு அதற்கும் பதில் இருக்கிறது. "பாவிக்கப் பாவிக்க நிறம் சேர்ந்திடும் அக்கா."

மத்தியானம் கேட்டடியில் உடைசலை மூட்டை கட்டி வைத்திருந்தேன். ஒரு தரகர் வந்து நிற்கிறார். மூட்டையைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். "உடைக்கிறீங்களா? நல்ல பார்ட்டி இருக்கு. காணி எத்தனை பேர்ச்?" மாபிளைத்தான் உடைக்கிறோம், வீட்டை இல்லை! இந்த வீதியில் ஒரு பழைய வீடு மூச்சு விடக் கூடாதா? ஒரு மூட்டை குப்பை வெளியே வந்தால் போதும், பத்து மாடிக்குக் கணக்குப் போட ஆள் வந்துவிடுகிறது. கனடாவிலிருந்து மாமா வேறு, "ஏன் பிள்ளை பழசுக்குக் காசைக் கொட்டுறாய், வித்துப்போட்டு ஒரு ஃபிளாட் வாங்கு" என்கிறார். ஃபிளாட்டில் மட்டும் பைப்பைச் சுவருக்குள் வைத்தவர்கள் வானத்திலிருந்து வந்தவர்களா? அங்கேயும் இதே பாஸ்மார்தான், இதே சொக்கெட்தான், உடைக்க மேல் வீட்டுக்காரரிடமும் கீழ் வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

இந்த வீடு விற்பனைக்கு இல்லை. நாளைக்கும் யாராவது கேட்டில் நின்று எத்தனை பேர்ச் என்று கேட்கட்டும், பிளம்பருக்கு வைத்திருக்கிற ஏச்சையும் சேர்த்து அவருக்கே கொடுத்தனுப்புகிறேன்.