காசு கொடுத்து வாங்கிய பிரிண்டருக்கு யார் முதலாளி?

பிரிண்டர் மலிவு, இங்க் விலை கொள்ளை என்பது பழைய புலம்பல். அது மட்டும்தான் விஷயம் என்றால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. கார்ட்ரிட்ஜ் விலையை அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு என்ன ஆகும் என்று கடையில் நின்றபடியே கணக்குப் போட்டுவிடலாம். ஹெச்பி 805 கறுப்பு கார்ட்ரிட்ஜ் சுமார் 120 பக்கம். எப்சன் 003 கறுப்பு பாட்டில், 65 மில்லி, 4,500 பக்கம். அதாவது ஒரு பாட்டில் செய்யும் வேலைக்கு முப்பத்தேழு கார்ட்ரிட்ஜுக்கு மேல் வேண்டும். கணக்குப் பார்க்காமல் வாங்கினால் நஷ்டம் நமக்கு. அதுவரை சரி.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். விற்று, பில் போட்டு, காசை வாங்கிய பிறகு, இணையம் வழியாக அந்த மெஷினுக்குள் புகுந்து விதியை மாற்றுகிறார்கள். நேற்று வரை ஒழுங்காக அச்சடித்த கார்ட்ரிட்ஜை இன்று காலையில் அதே பிரிண்டர் மறுக்கிறது. நீங்கள் எதையும் மாற்றவில்லை. மாற்றியது அவர்கள்.

2016 செப்டம்பர் 13 அன்று நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இது புரியாது. ஹெச்பி ஆஃபீஸ்ஜெட் வரிசையில் 934, 935, 950, 951, 970, 971 எண் கார்ட்ரிட்ஜ்கள் போடும் பிரிண்டர்கள் பல நாடுகளில் ஒரே நாளில் வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. திரையில் வந்த செய்தியைப் பார்த்தால் கார்ட்ரிட்ஜ்தான் கெட்டுவிட்டது என்று யாரும் நினைப்பார்கள். உண்மையில் மாதக்கணக்கில் முன்பே ஃபர்ம்வேருக்குள், அதாவது பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளுக்குள், தேதி குறித்து வைத்த கட்டளை அன்றைக்குக் கண் விழித்தது. இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் பகிரங்கக் கடிதம் எழுதியது. அந்த மாதக் கடைசியில், முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்ற அளவுக்கு நிறுவனம் வருத்தம் தெரிவித்து, தடையை நீக்கும் ஃபர்ம்வேரை வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்றது. தடை தானாக வந்து உட்கார்ந்தது. அதை எடுக்க மட்டும் வாடிக்கையாளர் தேடிப் போய் இறக்க வேண்டும். எத்தனை பேர் போயிருப்பார்கள்?

அமெரிக்காவில் இதை எதிர்த்து வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கு 2018இல் 15 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் 1 கோடி யூரோ அபராதம் போட்டது. வேற்றுக் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாது என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. இவ்வளவுக்குப் பிறகும் 'டைனமிக் செக்யூரிட்டி' என்ற பெயரில் அதே ஏற்பாடு தொடர்கிறது. அந்த அளவு நிறுவனத்துக்கு இந்த அபராதமெல்லாம் தொழில் செலவுக் கணக்கில் ஒரு வரி. அதனால்தான் தைரியம் குறையவில்லை.

2024 ஜனவரியில் அன்றைய தலைமை நிர்வாகி என்ரிக்கே லோரஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் மனம் திறந்தே பேசினார். வாடிக்கையாளர் பிரிண்டர் வாங்குவது எங்களுக்கு முதலீடு, அவர் போதுமான அளவு அச்சடிக்காவிட்டாலோ எங்கள் இங்கைப் பயன்படுத்தாவிட்டாலோ அது மோசமான முதலீடு என்றார். அச்சடிப்பதை மாதச் சந்தாவாக மாற்றுவதுதான் நீண்டகால இலக்கு என்றும் சொன்னார். காசு போட்டது நாம், முதலீட்டாளர் அவர்களாம். அந்தச் சந்தாவில் சேர்ந்து பிறகு நிறுத்தினால், கட்டிய மாதம் முடிந்ததும் கார்ட்ரிட்ஜுக்குள் இங்க் மிச்சம் இருந்தாலும் அச்சடிக்காது. சந்தாவைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, அதில் சேராதீர்கள்.

பாதுகாப்புக்காகத்தான் தடுக்கிறோம், வேற்று கார்ட்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் சிப் வழியாக வைரஸ் வரலாம் என்பதும் அதே பேட்டியில் வந்த வாதம். கொஞ்சம் யோசித்தால் நிற்காது. சிப்பில் இருப்பதைப் படிப்பது பிரிண்டருக்குள் இருக்கும் அவர்களுடைய மென்பொருள். ஒரு இங்க் சிப்பால் அதை உடைக்க முடிகிறது என்றால் ஓட்டை பிரிண்டரில் இருக்கிறது. அடைக்க வேண்டியது அதை. இன்னொன்றையும் சேர்த்துக் குழப்புவார்கள். ஹெச்பி பெயரையும் ஹோலோகிராமையும் போலியாக அச்சடித்து விற்பது மோசடி, அது பிடிபட வேண்டும். தன் சொந்தப் பெயரில், பொருந்தும் கார்ட்ரிட்ஜ் செய்து விற்பது நேர்மையான வியாபாரம். விளம்பரங்களில் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டுகிறார்கள்.

சிப் இல்லாமல் பிரிண்டர் ஓடாதா? இதற்குக் கேனானே பதில் சொல்லிவிட்டது. 2022 தொடக்கத்தில் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, அலுவலகங்களில் வைக்கும் பெரிய மெஷின்களுக்கான டோனரை (இங்குக்குப் பதில் பவுடர் அடைத்த கார்ட்ரிட்ஜை) சிப் இல்லாமலே அனுப்ப வேண்டிய நிலை அதற்கு வந்தது. சொந்த டோனரையே சொந்த மெஷின் சந்தேகப்பட்டது. ஜெர்மனியில் அந்த நிறுவனம், எச்சரிக்கை வந்தால் எந்தப் பட்டனை அழுத்தி மூடிவிட்டுத் தொடர வேண்டும் என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்தது. அச்சுத் தரத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை, டோனர் அளவு காட்டுவதில் மட்டும் தவறு வரலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. இத்தனை வருடம் நம்மிடம் சொல்லப்பட்ட கதை ஒரே சுற்றறிக்கையில் உடைந்தது.

தானாக வரும் அப்டேட்டால் பிரிண்டரே படுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 2023 மே மாதம் ஆஃபீஸ்ஜெட் புரோ 9020 வகை மெஷின்களுக்கு ஒரு அப்டேட் போனது. நீலத் திரையில் 83சி0000பி என்ற பிழை எண் நின்றது; மெஷின் வேறெதற்கும் மசியவில்லை. இங்க் யாருடையது என்பதே அங்கே கேள்வியாக இல்லை.

ஆகவே புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளிலேயே செய்ய வேண்டியது: முடிந்தால் வைஃபை கொடுக்காமல் யூஎஸ்பி கேபிளில் மட்டும் ஓட்டுங்கள். வைஃபை வேண்டும் என்றால், நெட்வொர்க் ரிப்போர்ட்டை அச்சடித்து அதில் இருக்கும் ஐபி முகவரியை பிரவுசரில் தட்டுங்கள். பிரிண்டரின் உள்பக்கம் திறக்கும். அங்கே அப்டேட் பகுதியில் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். ஹெச்பி என்றால் 'கார்ட்ரிட்ஜ் புரொடெக்‌ஷன்' என்று ஒன்றிருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டிய கார்ட்ரிட்ஜ் அந்த ஒரு மெஷினோடு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். வேறு பிரிண்டரில் போட்டால் எடுக்காது, பிறகு அணைத்தும் பயனில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கும் சொல்லுங்கள்: மாடல் பெயரின் கடைசியில் 'இ' (e) என்ற ஆங்கில எழுத்து இருந்து, அமைக்கும்போது 'ஹெச்பி பிளஸ்' வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சம்மதித்தால் அந்த மெஷின் ஆயுள் முழுக்க இணையமும் அசல் இங்கும் கட்டாயம்.

அடுத்தது, பாட்டிலிலிருந்து இங்கை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டர். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இன்று அதிகம் ஓடுவது இதுதான், இதில் சிப் தொல்லை குறைவு. ஆனால் பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது, வேஸ்ட் இங்க் பேடில்.

தாளில் இங்கைத் தெளிக்கும் பாகம்தான் ஹெட். ஹெட் கிளீனிங் செய்யும்போதெல்லாம் ஒரு பம்ப் ஹெட்டிலிருந்து இங்கை உறிஞ்சி, சின்னக் குழாய் வழியாக மெஷினின் அடியில் இருக்கும் பஞ்சுப் பட்டையில் விடும். எவ்வளவு இங்க் போனது என்று மென்பொருள் ஒரு கணக்கு வைத்திருக்கும். பஞ்சை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, எடை போடுவதில்லை. கணக்கு வரம்பைத் தொட்டதும், எப்சனில் இங்க் பேடின் ஆயுள் முடிந்தது என்ற செய்தி வந்து மெஷின் நின்றுவிடும். கேனானில் 5பி00 என்ற எண் வரும். டேங்க் நிறைய இங்க் இருக்கும், ஹெட் நன்றாக இருக்கும், ஒரு பக்கம்கூட அச்சாகாது.

பஞ்சு நிரம்பினால் இங்க் வழிந்து மேசையையும் சர்க்யூட் போர்டையும் கெடுக்கும், எனவே நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதை மறுக்கவில்லை. அநியாயம் எங்கே என்றால், சில ரூபாய் பெறுமானமுள்ள பஞ்சையும் கணக்கைப் பூஜ்யமாக்கும் வழியையும் உரிமையாளர் கையில் கொடுக்காமல் வைத்திருப்பதில். 2022இல் எல்130, எல்220, எல்310, எல்360, எல்365 மாடல்களை வைத்து எப்சன் மீது, வாங்கிய பொருளைத் தாமே பழுதுபார்க்கும் உரிமைக்காகப் போராடுபவர்கள் எழுப்பிய கண்டனமும் இதுதான். இதில் பல மாடல்கள் நம் தெருக்களில் ஓடியவை. பழைய பிரிண்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு வெறும் பஞ்சுதான் பிரச்சினை என்று தெரிந்திருக்கும்?

வேலை இவ்வளவுதான். மெஷினை அணைத்து வயரைப் பிடுங்குங்கள். எல்220, எல்360 போன்றவற்றில் பின்பக்க ஓரத்தில் ஒரே ஒரு ஸ்குரூ பிடித்த சின்ன மூடி இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு அதைக் கழற்றி, குழாயை மெதுவாக உருவி, பஞ்சை எடுத்துத் தண்ணீரில் சாயம் போகும்வரை அலசி, ஈரமே இல்லாமல் காயவைத்து, எடுத்த அதே வரிசையில் வையுங்கள். குழாய் மடங்கக் கூடாது. மடங்கினால் பம்ப் உறிஞ்சாது, ஹெட் அடைக்கும். அதன்பிறகுதான் கவுண்டர் ரீசெட், அதாவது அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்குவது. பஞ்சை மாற்றாமல் ரீசெட் மட்டும் போட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. சில மாதத்தில் பிரிண்டருக்கு அடியில் கறுப்புக் குளம் நிற்கும். ரீசெட் மென்பொருளைக் கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள், அதோடு வைரஸும் சேர்ந்தே வரும். பிந்தைய சில மாடல்களில் கழிவுப் பெட்டியை நாமே மாற்ற முடிகிறது. எப்சன் எல்6160, எல்6170, கேனான் ஜி2020, ஜி3020 போன்றவை அப்படி. வாங்கும்போது விலையைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பஞ்சு சீக்கிரம் நிரம்புவதற்கு நம் பழக்கமும் காரணம். கோடு விழுந்தால் உடனே கிளீனிங்கை நாலு முறை ஓட்டுகிறோம். முதலில் நாசில் செக் எடுங்கள், ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள் அது. இடைவெளி தெரிந்தால் மட்டும் ஒரு கிளீனிங். சரியாகவில்லை என்றால் 12 மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். பவர் கிளீனிங் கடைசி ஆயுதம், அதுவும் எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்க் இருந்தால் மட்டுமே. சுவர் சுவிட்சில் அணைக்காமல் மெஷினின் பட்டனில் அணைத்தால் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும், காயாது. வாரம் ஒரு கலர் பக்கம் போதும்.

இந்த டேங்க் பிரிண்டர் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கார்ட்ரிட்ஜில் ஓட்டை போட்டு, குழாய் இழுத்து, பக்கத்தில் பாட்டில் மாட்டி ஓட்டும் வித்தையை முதலில் செய்தது தெருக்கடைக்காரர்கள். சென்னை ரிச்சி தெருவிலும் அது சாதாரணமாகக் கிடைத்தது. இந்தோனேசியாவில் அது பெருகிப் போனதைப் பார்த்துத்தான் எப்சன் 2010இல் அங்கே தன் சொந்த டேங்க் மாடல்களான எல்100, எல்200ஐ இறக்கியது. 'வாரண்டி போய்விடும்' என்று மிரட்டப்பட்ட அதே வேலை, பெயர்ப்பலகையோடு ஷோரூமுக்கு வந்தது. போட்டி இருந்ததால் வந்தது. சிப்பும் ஃபர்ம்வேரும் சேர்ந்து அந்தப் போட்டியை முன்பே நெரித்திருந்தால் இன்று கையில் பாட்டிலே இருந்திருக்காது.

லேசரிலும் இதே கதை. ஹெச்பி 12ஏ டோனரில் சிப் கிடையாது. அதனால்தான் லேசர்ஜெட் 1020ம் எம்1005ம் இத்தனை ஆண்டு கழித்தும் கடைகளில் உழைக்கின்றன. பக்கவாட்டுப் பின்னைத் தட்டி இரண்டாகப் பிரித்து, கழிவுப் பவுடரைக் கொட்டி, புதுப் பவுடர் போட்டு மூடினால் மறுபடி 2,000 பக்கம். கழிவைக் கொட்டாமல் நிரப்பினால் தாள் முழுக்கக் கரி சிந்தும். 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை அதே புள்ளி திரும்பத் திரும்ப வந்தால், டோனருக்குள் சுழலும் உருளையான டிரம்மில் கீறல். டிரம்மை மட்டும் மாற்றினால் போதும். தெருவுக்கு ஒருவர் இதைச் செய்து பிழைத்தார். இன்றைய 110ஏ போன்றவற்றில் பவுடர் போடுவது அதே சுலபம், ஆனால் சிப்பை மாற்றாவிட்டால் மெஷின் காலி என்றுதான் சொல்லும். குறிப்பிட்ட கம்பெனி அரிசி போட்டால்தான் வேகும் என்று குக்கர் அடம்பிடித்தால் வீட்டில் வைத்திருப்போமா?

இங்க் தீர்ந்தால் ஸ்கேன்கூடச் செய்ய மாட்டேன் என்று நிற்கும் ஆல்-இன்-ஒன் மெஷின்கள் பற்றிக் கேனான் மீது 2021இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள், ஹெச்பி மீதும் அப்படியே. ஸ்கேனருக்கு விளக்கும் சென்சாரும் போதும். இதற்கு விளக்கம் சொல்ல எந்தப் பொறியாளரும் முன்வர மாட்டார்.

நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கான அரசு இணையதளம் 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கியது. தகவல் பார்க்க உதவும், நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் பல் அதற்கில்லை. கையில் இருக்கும் உண்மையான ஆயுதம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதைக் கட்டுப்பாட்டு வணிக முறை என்று அது வரையறுக்கிறது. கார்ட்ரிட்ஜ் பூட்டு விஷயத்தில் அந்த வரியைப் பிடித்து வாதாட இடமிருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

அங்கே ஜெயிப்பதும் தோற்பதும் ஆதாரத்தில் இருக்கிறது. பிரிண்டர் வீட்டுக்கு வந்த அன்றே அதன் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் ஒன்றை அச்சடியுங்கள். அதில் ஃபர்ம்வேர் பதிப்பு எண் இருக்கும். தேதி எழுதிப் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அட்டைப்பெட்டியின் நாலு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். கார்ட்ரிட்ஜ் மறுக்கப்படும் நாளில், அச்சாகிற நிலையில் மெஷின் இருந்தால் இன்னொரு ரிப்போர்ட்டை அச்சடித்து, இல்லையென்றால் பிரவுசரில் அதே பக்கத்தைத் திறந்து படம் எடுத்து, முதல் தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால், நீங்கள் வாங்கிய மெஷினில் விற்ற பிறகு கைவைத்தது யார் என்பதற்கு அந்த இரண்டு எண்களே சாட்சி.