கோடை வகுப்புக்கு ஏப்ரலில் காசு கேட்காதீர்கள்

வட சென்னையில் கோடை வகுப்பு நடத்தும் மன்றங்களும் இரவுப் பாடசாலைகளும் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் காசு கேட்கும் கடிதத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகின்றன. கிடைப்பது நோட்டு, தொப்பி, கம்பெனி பெயர் போட்ட ஒரு பேனர். "பெரிய கம்பெனி, மனசுதான் இல்ல" என்று அலுத்துக்கொண்டு திரும்புகிறோம். மனசை விடுங்கள், நாம் போன தேதிதான் தப்பு.

2013 கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலே போதும். அந்தக் கம்பெனி முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். இதைத்தான் சிஎஸ்ஆர் என்கிறார்கள். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. மணலியில் சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்ஆர்எஃப், மேலே காமராஜர் துறைமுகம். புகை நமக்கு வருகிற தூரத்தில்தான் பணமும் இருக்கிறது.

சிக்கல் நிதியாண்டில். சிஎஸ்ஆர் குழு ஆண்டுத் திட்டம் போட்டு, இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பணம் நகரும். ஏப்ரலில் போனால் புது ஆண்டுத் திட்டம் இன்னும் மேசைக்கே வந்திருக்காது. மார்ச்சில் மிச்சப் பணம் இருக்குமே என்று போனாலும் கதை அதுதான். மார்ச்சில் கொடுத்த பணம் மே மாதம் செலவானால், நிதியாண்டு முடியும் மார்ச் 31ஆம் தேதிக்குள் அது செலவானதாகக் கணக்கு காட்ட முடியாது. ஒப்புக்கொண்ட காரியத்துக்கே பணம் பயன்பட்டது என்று கம்பெனியின் நிதி அதிகாரி சான்று கொடுத்தாக வேண்டும். அந்த வம்பு எதற்கு என்று அவர் நோட்டுப் புத்தகத்தோடு அனுப்பிவிடுகிறார்.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. தொடர் திட்டம் என்று ஏற்கப்பட்டால், தொடங்கிய ஆண்டு போக இன்னும் 3 ஆண்டு வரை அதை நடத்தலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்துவிடலாம். ஆகவே "20 நாள் கோடை முகாம்" என்று எழுதாதீர்கள். ஜூலையில் தொடங்கும் வாரக்கடைசி வாசிப்பு வகுப்பு, மே மாதம் அதன் தீவிரக் கட்டம் என்று எழுதுங்கள். எழுதினால் போதாது, ஜூலையிலிருந்து நடத்தவும் வேண்டும். முதல் கடிதம் அக்டோபரில், நேரில் சந்திப்பு டிசம்பருக்குள்.

தேவைப்படும் தாள்கள்: வருமானவரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்து வாங்கிய பதிவு எண், அதே மாதிரி வேலையில் 3 ஆண்டு அனுபவம். பெரும்பாலான தெரு மன்றங்களிடம் இதில் ஒன்றும் இருக்காது. பதிவு உள்ள அறக்கட்டளை ஒன்றோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுச் சேர்வதுதான் உடனடி வழி. செயலாளரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், மறு வருடம் கதவு சாத்தப்படும்.

எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆனால் அது நிலைத்து நிற்கும் சொத்துக்கு மட்டும். கட்டடம் கேட்கலாம், பிள்ளைகளின் சுண்டலுக்கும் சொல்லித்தரும் அக்காமார் சம்பளத்துக்கும் அதில் வழியில்லை. இது தெரியாமல் மனு எழுதி ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் நிறைய.

மே மாதக் கட்டத்துக்குப் பட்ஜெட் எப்படி இருக்க வேண்டும்? 40 பிள்ளைகள், 20 நாள், காலை 8.30 முதல் 11.30 வரை என்று வையுங்கள். வெயிலுக்கு அதற்கு மேல் இழுக்கக் கூடாது. சுண்டலும் மோரும் தலைக்கு 25 ரூபாய், 20,000. சொல்லித்தருபவர் 4 பேர், நாளுக்கு 400, ஆக 32,000. எழுதுபொருள், வாசிப்புப் புத்தகம் 12,000. அறிவியல் சாமான் 8,000. பிர்லா கோளரங்கம் போய்வர பஸ் 9,000. கேன் தண்ணீர் 1,400. கணக்கு, அறிக்கைக்கு 5,000. கூட்டினால் 87,400. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 109 ரூபாய். கடிதத்தின் முதல் பத்தியில் இந்த 109 இருக்கட்டும். பேனர், சால்வை, சிறப்பு விருந்தினர் மாலை மூன்றையும் அடித்துவிடுங்கள். (அதற்குத்தான் நன்கொடையாளர்கள் எப்படியும் வருவார்கள்.)

பட்ஜெட்டில் சாப்பாட்டுச் செலவை வெட்டச் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி விடுமுறையும் அதற்குள்தான். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில் வருமானம் சுருங்கும் அதே நாட்களில் பள்ளியின் காலை உணவும் சத்துணவும் இல்லை. பெரிய பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலமும் அதுதான். இதைக் கடிதத்தில் இரண்டு வரி எழுதினால் எந்த அதிகாரிக்கும் சுண்டல் ஏன் என்று விளங்கும்.

அடுத்து, பலனை அளப்பது. கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் இங்கே காசு சுலபமாகக் கிடைக்கும், போட்டோவில் அழகாக விழும். வாசிப்பு போட்டோவில் விழாது, எண்ணில்தான் காட்ட வேண்டும். இரண்டாம் நாளும் கடைசிக்கு முந்தின நாளும் ஒரே சோதனை: எழுத்து, சொல், பத்தி, கதை, இதில் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா. தலைக்கு 5 நிமிடம் போதும். வருகையை வாரவாரியாகப் போடுங்கள். மூன்றாம் வாரம் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். மறைக்காமல் காரணத்தோடு எழுதுங்கள். 40க்கு 40 என்று காட்டும் பதிவேட்டை யாரும் நம்புவதில்லை. பெற்றோர் ஒப்புதல் கையெழுத்து, போட்டோவுக்குத் தனி அனுமதி, எந்த நேரமும் அறையில் இரண்டு பெரியவர்கள் என்ற விதி, இவையும் கோப்பில் வேண்டும்.

அங்கீகாரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் தேசிய கோடைக் கற்றல் சங்கம் சிறந்த கோடை வகுப்புகளுக்கென்றே விருது கொடுக்கிறது. நாம் இங்கே இருப்பதை வைத்துத்தான் சுற்றி வர வேண்டும். சொல்லித்தரும் இளைஞர்களுக்கு முதலமைச்சரின் மாநில இளைஞர் விருது இருக்கிறது. 15 முதல் 35 வயது, சுதந்திர தினத்தன்று வழங்குவது. சமூகத் தொண்டுக்கான ஆதாரம் கேட்பார்கள், உங்கள் வருகைப் பதிவேடு அங்கேயும் உதவும். பிள்ளைகளுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் அறிவியல் விருது, தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய். ஆனால் பள்ளி வழியாகத்தான் பெயர் போகும், மன்றம் அனுப்ப முடியாது. மே மாதம் பிள்ளை செய்த மாதிரியின் படமும் அரைப்பக்க விளக்கமும் ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே தலைமையாசிரியர் கைக்குப் போய்விடட்டும்.

அறிக்கையை ஜூன் 15க்குள் முடித்துவிடுங்கள், நாலு பக்கம் போதும். செலவுக் கணக்கு, சோதனையின் முன்-பின் எண்கள், வராதவர் பட்டியலும் காரணமும், அடுத்த வருடம் மாற்றப்போவது. அக்டோபரில் திரும்பப் போகும்போது கடிதத்தின் மேல் இந்த நாலு பக்கத்தை வைத்துக் கொடுங்கள்.