தலைப்பு மட்டும் வந்தால் போதுமா?

ஆபீஸில் எங்கள் வேலைகளைப் பதிவு செய்து பின்தொடர்கிற மென்பொருளை மாற்றினார்கள். பழையதில் இருந்ததைப் புதியதுக்கு நகர்த்தி முடித்ததும், “மைக்ரேஷன் சக்சஸ்ஃபுல்” என்று ஒரு மெயில். கீழே டேஷ்போர்டின் படம், அதில் பச்சைப் பட்டை முழுசாக நிரம்பி நிற்கிறது. ரிப்ளை-ஆல் போட்டு வாழ்த்துச் சொன்னவர்களில் ஒருவராவது அந்தப் பட்டைக்குப் பின்னால் இருக்கிற ஒரு ஸ்டோரியை, அதாவது செய்ய வேண்டிய ஒரு வேலையின் பதிவை, திறந்து பார்த்திருப்பாரா? நான் பார்த்தேன். அன்றிலிருந்து வயிறு எரிகிறது.

ஸ்டோரியின் தலைப்பு வந்திருக்கிறது. விவரத்தில் அட்டவணையாக இருந்ததெல்லாம் ஒரே பத்தியாகக் கொட்டிக் கிடக்கிறது. கமென்ட்டுகளும் இருக்கின்றன. ஆனால் அத்தனையையும் எழுதியவர் “மைக்ரேஷன் யூசர்”. எழுதிய தேதி, மைக்ரேஷன் நடந்த சனிக்கிழமை. என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிற கிளையன்ட் பக்கத்து ப்ராடக்ட் ஓனர், எங்கள் டெவலப்பர்கள், எங்களுக்கு முன்னால் இருந்து வேலையை விட்டுப் போனவர்கள் என்று எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் பேசி, சண்டை போட்டு, ஒத்துக்கொண்டு எடுத்த முடிவுகள் அவை. இப்போது அதில் யார் கேட்டது, யார் மறுத்தது, யார் கடைசியில் சரி என்றது, எதுவும் தெரியாது.

நாங்கள் ரேலி என்ற பழைய மென்பொருளிலிருந்து ஜிரா என்ற புதியதுக்கு மாறினோம். மாறுவதில் எனக்குச் சண்டையே இல்லை. இந்தத் துறையில் எந்தக் கருவியும் ஒரே கையில் நிலைப்பதில்லை. 2001-இல் அமெரிக்காவில் தொடங்கிய ரேலியை 2015-இல் சிஏ டெக்னாலஜீஸ் வாங்கி, சிஏ அஜைல் சென்ட்ரல் என்று பெயரை மாற்றியது. 2018-இல் அந்த சிஏவையே பிராட்காம் வாங்கியது. பிறகு பழைய பெயரே திரும்பி வந்தது. ரேலி மாதிரியே இன்னொன்றான வெர்ஷன்ஒன் 2017-இல் கொலாப்நெட் நிறுவனத்தோடு இணைந்து, 2020-இல் டிஜிட்டல் டாட் ஏஐ ஆனது. அதே வகையான பிவோட்டல் டிராக்கரை 2025 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடியே விட்டார்கள். ஜிராவை மட்டும் நிரந்தரம் என்று யாராவது நினைத்தால், அதை உருவாக்கிய அட்லாசியன், சர்வர் பதிப்புக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி நிறுத்தியதையும், டேட்டா சென்டர் பதிப்புக்கு 2029 மார்ச் 28 என்று நாள் குறித்திருப்பதையும் பார்க்கட்டும். மூட்டை கட்டுவது இந்தத் தொழிலில் வந்துகொண்டேதான் இருக்கும். இத்தனை முறை கட்டிய பிறகும் ஒழுங்காகக் கட்டத் தெரியாமல் இருப்பதற்கு என்ன மன்னிப்பு?

எங்கள் மாற்றத்துக்கு நாள் குறித்தது எது தெரியுமா? லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி. ரிலீஸ் எப்போது, டீம்கள் தயாரா, ஒரு டீமையாவது வைத்து ஒத்திகை பார்த்தோமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தேதிக்குள் பழையதைக் காலி செய்தால் இன்னொரு வருஷத்துக்குப் பணம் கட்ட வேண்டாம், அவ்வளவுதான் கணக்கு. மிச்சமான பணம் மேலே யாருடைய கணக்கிலோ சாதனையாக ஏறும். அதற்கான விலையைக் கீழே இருக்கிறவர்கள் தூக்கத்தில் கட்டுகிறோம். கிளையன்ட் இருக்கிற அமெரிக்கக் கிழக்குக் கரையில் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி என்றால், கோடையில் இங்கே சனிக்கிழமை விடியற்காலை மூன்றரை. “வீக்எண்ட்ல யாருக்கும் தொந்தரவு இருக்காது” என்று அவர்கள் திட்டம் போட்ட அந்த வீக்எண்ட் எங்களுடையது. பயிற்சியும் அப்படித்தான். அவர்களுடைய பகலில், நம் நடுராத்திரியில் ஒரு மணி நேரம். முடியாதவர்களுக்கு “ரெக்கார்டிங் அனுப்பியிருக்கோம், பாத்துக்கோங்க.”

இழந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியை நடுவில் ரத்து செய்தால் எவ்வளவு பிரீமியம் திருப்பித் தரவேண்டும் என்று எங்கள் சிஸ்டம் கணக்குப் போடும். அதில் ஒரே ஒரு மாநிலத்துக்குக் கணக்கு வேறு. முன்பு அதை டிஃபெக்ட் (பிழை) என்று நாங்களே போட்டு, அந்தப் பக்கத்து லீகல் டீம் வரைக்கும் போய், “இது இப்படித்தான் இருக்க வேண்டும்” என்று கடிதத்தோடு பதில் வந்து மூடினோம். மைக்ரேஷன் முடிந்த கையோடு, டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் வந்தாள். “அக்கா, இந்த ஸ்டேட்டுக்கு மட்டும் ரீஃபண்ட் தப்பா வருதுக்கா, டிஃபெக்ட் போடட்டுமா?” அவள் கேட்டது நியாயம். பார்க்கிற யாருக்கும் அது தப்பாகத்தான் தெரியும். பழைய டிஃபெக்டைத் தேடி எடுத்தோம். “லீகல் உறுதி செய்துவிட்டது” என்ற வரி இருக்கிறது. எழுதியவர் மைக்ரேஷன் யூசர். கடிதத்தைக் காணோம். புது ப்ராடக்ட் ஓனர் கேட்டார்: “யார் உறுதி செய்தது? எப்போது?” நாங்கள் எதைக் காட்டுவது? முழு விவகாரமும் முதலிலிருந்து தொடங்கியது. லீகலுக்கு மறுபடி மெயில், மறுபடி மீட்டிங், அந்தப் பெண் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து உதாரணக் கணக்குகள் தயார் செய்தாள். முடிந்துபோன வேலைக்கு ஒரு சின்னப் பெண்ணின் தூக்கம் போனது.

இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த அட்டவணைக் கோப்பு) வழியாக ஜிராவுக்குள் ஏற்றும்போது, அட்டாச்மென்ட் வேண்டுமென்றால் அந்தக் கோப்பை ஜிரா போய் எடுக்கக்கூடிய முகவரியைத் தர வேண்டும். லாகின் கேட்கிற பழைய முகவரியை அப்படியே கொடுத்தால் எப்படி வரும்? கமென்ட்டோடு எழுதியவரையும் தேதியையும் சேர்த்துக் கொடுக்க வழி இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர்களுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். யாரும் செய்யவில்லை. எது எப்போது யாரால் மாறியது என்ற வரலாறு சிஎஸ்வியில் வரவே வராது. ஆனால் ரேலியின் வெப் சர்வீசஸ் ஏபிஐ, அதாவது வேறு நிரல்கள் தகவலை எடுக்கிற வழி, அந்த ரிவிஷன் ஹிஸ்டரியைத் தரும். அதை எடுத்து ஒவ்வொரு ஸ்டோரியிலும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகவாவது இணைத்திருக்கலாம். முடியாத காரியத்தைக் கேட்டு நான் கத்தவில்லை. செய்ய முடிந்ததைச் செய்யாமல் விட்டுவிட்டு, பச்சைப் பட்டை போட்டுக் கொண்டாடுகிறார்களே, அதற்குத்தான் இந்தக் கோபம். வீட்டைக் காலி செய்யும்போது பாத்திரத்தை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டுப் பத்திரத்தைக் குப்பையில் போட்டவர்கள் இவர்கள்.

எங்கள் டெஸ்டர்களுக்கு நடந்தது இதைவிட மோசம். ரேலியில் டெஸ்ட் கேஸ் (ஒரு சோதனையின் பதிவு) என்பது கூடவே பிறந்தது. ஒவ்வொரு கேஸும் மென்பொருளின் எந்தப் பதிப்பில் (பில்ட்) ஓடியது, பாஸா ஃபெயிலா, யார் ஓட்டினார்கள் என்று வரிசையாக நிற்கும். ஜிராவில் அது தனியாகக் கிடையாது. எக்ஸ்ரே, செஃபிர் மாதிரி ஒரு கூடுதல் மென்பொருளை மேலே வாங்கிப் போட வேண்டும். இது மைக்ரேஷன் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானே மீட்டிங்கில் எழுந்து சொன்னேன். “அது ஃபேஸ் டூ” என்றார்கள். இன்றுவரை ஃபேஸ் டூவுக்கு பட்ஜெட் இல்லை. “அதுவரைக்கும் எக்செல்ல வெச்சுக்கோங்க.” டெவலப்பர் எழுதுகிற கோட்-ஐ எக்செல்லில் வைத்துக்கொள் என்று யாராவது சொல்வார்களா? டெஸ்டிங் என்றால் மட்டும் ஏன் இந்த அலட்சியம்? ஆடிட் வரும்போது அதே ரிசல்டுகளை எங்களிடம்தான் கேட்பார்கள்.

ஸ்டேட்டஸில் நடந்த கூத்தையும் சொல்லியாக வேண்டும். ரேலியில் கம்ப்ளீட்டட் வேறு, அக்செப்டட் வேறு. முன்னது டீம் முடித்தது, பின்னது ப்ராடக்ட் ஓனர் பார்த்து ஏற்றுக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில்தான் எத்தனையோ வாக்குவாதம் நடக்கும். புது போர்டில் டு டூ, இன் ப்ராக்ரஸ், டன் என்று மூன்றே மூன்று. இரண்டையும் தூக்கி டன்னில் போட்டுவிட்டார்கள். இன்னும் யாரும் ஏற்றுக்கொள்ளாத ஸ்டோரிகள் முடிந்த கணக்கில் சேர்ந்துவிட்டன. எவை அவை என்று நினைவை வைத்து, பழைய மெயிலை வைத்துத் தேடினோம். ஸ்டோரிக்குள் ஸ்டோரியாக அடுக்கி வைத்திருந்தவை எல்லாம் தட்டையாகி, எது எதற்குக் கீழே என்பதே போய்விட்டது. கோட் மாற்றங்களைப் பதிவு செய்கிற கிட்டில் எல்லாம் ரேலி ஸ்டோரிகளின் பழைய “யுஎஸ்” எண்கள் இருக்கின்றன. ஜிராவில் வேறு எண்கள். பழைய எண்ணை ஒரு கஸ்டம் ஃபீல்டில் போட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இத்தனைக்கும் நடுவில் ஸ்பிரிண்ட் என்கிற குறுகிய கெடுவுக்குள் முடிப்பதாக ஒத்துக்கொண்ட வேலையில் ஒரு பாயின்ட்கூடக் குறையவில்லை. சரிபார்க்கிற வேலை எந்த வேலைப் பட்டியலிலும் (பேக்லாக்) இல்லை, அதனால் அது வேலையே இல்லை. ரிவ்யூவில், ஒரு ஸ்பிரிண்டில் எவ்வளவு முடித்தோம் என்கிற வெலாசிட்டி சார்ட்டைக் காட்டி “ஏன் டிப் ஆயிருக்கு?” என்று ஒரு பெரியவர் கேட்டார். புது டூலில் பழைய ஸ்பிரிண்டுகளே இல்லை சார், சார்ட் போன மாதம்தான் பிறந்தது என்று சொன்னேன். “எக்ஸ்கியூஸ் வேண்டாம்” என்றார். அந்த அறையில் நான் பேசாமல் உட்கார்ந்ததற்குக் காரணம், என் பக்கத்தில் இருந்த பையனுக்கு அப்ரைசல் நடந்துகொண்டிருந்தது. இல்லையென்றால் நடந்திருப்பது வேறு.

மைக்ரேஷனை எடுத்துச் செய்த கன்சல்டன்டுகள் எங்களுடைய ஒரு தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டத்துக்குக்கூட வரவில்லை. எந்த ஃபீல்டை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று ஒரு டீமிடமும் கேட்கவில்லை. எண்ணிக்கை மட்டும் எண்ணினார்கள்: அங்கே இத்தனை ரெக்கார்டு, இங்கேயும் இத்தனை ரெக்கார்டு, சரி. பிறகு டீம் லீட்களிடம் ஒரு சைன்-ஆஃப் படிவம். “டேட்டா முழுவதும் சரிபார்க்கப்பட்டது” என்று அச்சடித்திருக்கிறது, கீழே நம் பெயர். நாளைக்கு ஆடிட்டில் ஏதாவது காணோம் என்றால் அந்தக் கையெழுத்தைத்தான் நீட்டுவார்கள். நான் போடவில்லை. எவை எவை வரவில்லை என்று பட்டியல் எழுதி இணைத்து, பழைய சிஸ்டத்தைப் படிக்க மட்டுமாவது இரண்டு வருஷம் திறந்து வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். “காஸ்ட் இருக்கே” என்று பதில். அந்த ஒரு ரீஃபண்ட் கணக்குக்காக இரண்டு நாட்டிலும் இத்தனை பேர் மீட்டிங்கில் உட்கார்ந்த காஸ்ட்டை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

அடுத்து பில்லிங் டீமை நகர்த்தப் போகிறார்கள். அந்த லீடிடம் சொல்லிவிட்டேன்: தம்பி, எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதே. உன் டீமில் பெரிய சண்டை நடந்த டிஃபெக்டுகளை எடு, கமென்ட்டில் பெயரும் தேதியும் இருக்கிறதா பார், அட்டாச்மென்டைத் திறந்து பார், திறக்கவில்லை என்றால் அந்தப் படிவத்தைத் தொடாதே. உன்னை மிரட்டினால் என் பட்டியலையும் சேர்த்து அனுப்பு.