விடுதலை வாக்கெடுப்புக்கு நாள் குறிப்பது யார்?

ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்பது அந்த மக்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதில் நான் கருத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மக்கள் முன் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2022 நவம்பர் 23 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான் அதை வலுப்படுத்தியது.

2023 அக்டோபர் 19 அன்று வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்லாந்து அரசு ஒரு மசோதா வைத்திருந்தது. அந்த அரசின் தலைமைச் சட்ட அதிகாரி டோரத்தி பெய்ன், அது தங்கள் நாடாளுமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வருகிறது என்று போதிய நம்பிக்கையோடு சொல்ல இயலாத நிலையில், அறிமுகம் செய்வதற்கு முன்பே விவகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டப்படி, இங்கிலாந்துடனான ஒன்றியம் லண்டனில் உள்ள பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கென ஒதுக்கப்பட்ட பொருள். வாக்கெடுப்பு வெறும் கருத்துக் கேட்பு, அதன் முடிவு தானாக ஒன்றியத்தைக் கலைத்துவிடாது என்ற வாதத்தை ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ஏற்க மறுத்தனர். சட்டப்படி நடக்கும் வாக்கெடுப்பில் மக்கள் சொல்லும் பதிலுக்கு இருக்கும் அரசியல் கனத்தைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது என்றனர். நீதிமன்றம் சொன்னது சரி என்றே கருதுகிறேன். கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு நாட்டு மக்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துவிட்டு, அதற்கு விளைவே இல்லை என்று வாதாடுவது அந்த வாக்காளர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

குறை தீர்ப்பில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 2012 அக்டோபர் 15 அன்று அன்றைய பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரனும் ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் விடுதலை வாக்கெடுப்பு நடத்த எடின்பரோவில் ஒப்பந்தம் செய்தார்கள். அதே 1998 சட்டத்தின் 30ஆவது பிரிவின் கீழ் ஓர் ஆணை பிறந்தது. அதிகாரம் தற்காலிகமாக ஸ்காட்லாந்துக்குக் கைமாறியது. கேள்வியின் வாசகத்தைக்கூடத் தேர்தல் ஆணையம் சோதித்துப் பார்த்தது. "ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?" என்று கேட்டால் ஆம் என்ற பதிலை நோக்கித் தள்ளுவதாகும் என்று கருதி, "ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா?" என்று மாற்றச் சொன்னது. 2014இல் நடந்த அந்த வாக்கெடுப்பில் பதினாறு வயதினரும் வாக்களித்தார்கள். 84.6 சதவீத வாக்குப்பதிவில் 55.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தோற்றவர்களும் முடிவை ஏற்றுக்கொண்டார்கள். அவ்வளவு நேர்த்தியாக நடந்த ஒன்று.

பிறகு 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவே ஸ்காட்லாந்தின் 62 சதவீத வாக்காளர்கள் விரும்பினார்கள். ஆனாலும் வெளியேற வேண்டியதாயிற்று. 2021 ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் விடுதலையை ஆதரிக்கும் கட்சிகள் 129 இடங்களில் 72ஐப் பிடித்தன. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அதே 30ஆவது பிரிவு. கேமரன் கையெழுத்திட்டார், பின்னர் பிரதமரான போரிஸ் ஜான்சன் மறுத்தார். எத்தனை இடங்களை வென்றால், எத்தனை ஆண்டுகள் காத்திருந்தால் மீண்டும் கேட்கலாம் என்று ஒரு ஸ்காட்லாந்து வாக்காளர் வினவினால், அவருக்குக் காட்ட எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது.

இத்தனைக்கும் அதே லண்டன், அதே 1998இல் வட அயர்லாந்துக்கு அந்த வரியை எழுதிக் கொடுத்திருக்கிறது. ஐக்கிய அயர்லாந்துக்குப் பெரும்பான்மை கிடைக்கும் என்று தோன்றினால் வட அயர்லாந்துக்கான பிரிட்டன் அமைச்சர் வாக்கெடுப்பு நடத்த ஆணையிட்டே ஆக வேண்டும். ஒருமுறை நடந்தால் அடுத்த ஏழு ஆண்டுகளுக்கு இன்னொன்று கூடாது. பெரும்பான்மை கிடைக்கும் என்பதை அமைச்சர் எதை வைத்து முடிவு செய்வார் என்பது அங்கேயும் தெளிவாக இல்லைதான். என்றாலும் வழி ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

வழி இருந்தாலும் நாள் குறிப்பவர் ஒரு தரப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பசிபிக்கில் உள்ள பிரான்ஸ் ஆட்சிப்பகுதியான நியூ கலிடோனியா சாட்சி. பிரான்ஸுடன் செய்துகொண்ட நூமியா ஒப்பந்தப்படி மூன்று விடுதலை வாக்கெடுப்புகள். கொரோனாவில் இறந்தவர்களுக்குத் துக்கம் காக்கும் காலம் என்று அங்குள்ள பூர்வகுடிகளான கனக் மக்களின் தலைவர்கள் மூன்றாவதை ஒத்திவைக்கக் கேட்டும், பாரிஸ் 2021 டிசம்பர் 12 என்ற தேதியிலேயே நின்றது. அவர்கள் புறக்கணித்தார்கள், 96 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று வந்த முடிவை அவர்கள் இன்றுவரை ஏற்கவில்லை.

எனவே ஸ்காட்லாந்துக்கு நான் வேண்டுவது இதுதான்: வாக்கெடுப்பை வாக்குறுதியாக வெளிப்படையாக முன்வைத்துத் தேர்தலில் பெரும்பான்மை பெற்ற நாடாளுமன்றம் கேட்டால் லண்டன் மறுக்க முடியாது, முந்தைய வாக்கெடுப்பிலிருந்து இத்தனை ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது பிரிட்டன் நாடாளுமன்றம், சட்டம் இயற்ற வேண்டும். கேள்வியையும் நாளையும் இரு அரசுகளிடமும் விடாமல் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சட்டத்தை, அடுத்த பெரும்பான்மை யாருக்கு என்று தெரியாத இப்போதே எழுதுவதுதான் இரு தரப்புக்கும் நியாயம்.