போகியன்று மட்டும் ஓட்டம் கிடையாது

ஆஸ்துமா உள்ள பிள்ளையை ஓட விடலாமா என்று, ஆஸ்துமா பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு தாய் கேட்டிருக்கிறார். தாராளமாக விடுங்கள் அம்மா. 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடிய பிரிட்டன் வீராங்கனை பாலா ராட்கிளிஃபுக்கும் பதின்ம வயதிலிருந்தே ஆஸ்துமாதான்.

என் மகளுக்கு ஆறு வயதில் வீசிங் வந்தது. இப்போது 14 வயது, 800 மீட்டர் ஓடுகிறாள். மைதானத்தில் இறங்கக் கால் மணி நேரம் முன்பு, டாக்டர் சொன்னபடி, மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும் நீல இன்ஹேலர். அப்புறம் பத்து நிமிடம் மெதுவோட்டம். எடுத்த எடுப்பில் வேகம் பிடித்தால்தான் அவளுக்கு நெஞ்சு இறுகும்.

வீட்டில் பெரிய எதிரி கொசுவர்த்திச் சுருள். அதை நிறுத்தி வலை கட்டியதும் இரவு இருமல் நன்றாகக் குறைந்தது. மிளகாய் வறுத்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். போகியன்று ஜன்னலே திறப்பதில்லை.

"இன்ஹேலர் பழகிவிடும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்த, தினமும் போடும் தடுப்பு இன்ஹேலரை ஒருமுறை நிறுத்திவிட்டோம். அந்த மார்கழியில் ஒரு நள்ளிரவு, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்க அவள் மூச்சுக்குத் தவித்ததை என்னால் மறக்கவே முடியாது. நன்றாக இருக்கிறாளே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வைத்துப் போடுங்கள், போட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.