தாத்தா கேமராவும் எழுபதாயிரமும்

பழைய ஃபிலிம் கேமரா வாங்கி விற்பவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து போன். "அண்ணா, தாத்தா காலத்து கேமரா. எழுபதாயிரம்னா கொடுத்துடறேன்."

வேலூரில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் அக்ஃபா கிளிக் 3! ஒரு காலத்தில் ஊரெல்லாம் இருந்த பெட்டி அது. '120' என்ற வகை ஃபிலிம் ரோல் ஒன்று போட்டால் 12 சதுரப் படம், அவ்வளவுதான். டார்ச் அடித்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை.

அதைக்கூட விடுங்கள். பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் 9 என்று படத்தின் எண் தெரிந்தது. உள்ளே ரோல்! "திறக்காதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், கத்திரி வெயிலில் வாசலில் நின்றபடி மூடியைக் கழற்றி, சுருளை ரிப்பன் மாதிரி இழுத்துக் காட்டினார். "நல்லாத்தாண்ணா இருக்கு, கிழியல." யார் வீட்டுக் காதுகுத்தோ, எந்தத் திருவிழாவோ, எட்டுப் படமாவது அதில் இருந்திருக்கும். கழுவாத ஃபிலிமில் வெளிச்சம் பட்டதும் எல்லாம் போச்சு. தாத்தா முகமே இருந்ததோ என்னவோ!

எனக்கு வயிறு எரிந்தது. அவர் கேட்கிறார்: "சரிண்ணா, ஃபிலிமோட சேர்த்து அறுபத்தஞ்சுன்னு வெச்சுக்கலாமா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமும் இல்லை.