கூட்டாக வாங்கப் பழகுவோம்

விவசாயியே நேரடியாக மக்களிடம் விற்க வேண்டும் என்று, விளைச்சல் விற்காமல் தேங்குகிற ஒவ்வொரு நெருக்கடியின்போதும் யாராவது எழுதுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள், ஆனால் அந்த வேலையையும் விவசாயி தலையிலேயே கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காய் முற்றி நிற்கிற வாரத்தில் பறிக்க ஆள் தேட வேண்டும், வண்டி பேச வேண்டும், கடன் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்கு நடுவில் அவரே வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டு, வருகிற போனையெல்லாம் எடுத்து, கிலோ கிலோவாக நிறுத்தும் கொடுக்க வேண்டுமா? பக்கத்து ஊர்களில் இருக்கிற நாம்தான் வாங்குவதற்கு ஒன்றுசேர வேண்டும்.

தர்பூசணியையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம், மரக்காணம், மதுராந்தகம் பக்கம் கோடைக்காக நிறையப் போடுகிறார்கள். ஏறக்குறைய இரண்டரை மாதப் பயிர். பழுக்க ஆரம்பித்தால் வயல் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பழுத்துவிடும், விலை வரட்டும் என்று கொடியிலேயே விட்டு வைக்க முடியாது, வெடித்துவிடும், இல்லை அழுகிவிடும். சாதாரண வருடத்தில் வியாபாரி வந்து வயலைப் பார்த்து விலை பேசி, ஆள் விட்டுப் பறித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இடைத்தரகர் என்று அவரைத் திட்டுவது சுலபம், அவர் செய்கிற இத்தனை வேலையை வேறு யார் செய்வது என்று நாம் யோசிப்பதில்லை. 2020 ஊரடங்கில் பல வயல்களுக்கு அவர் வரவில்லை. 2025 கோடையில் பழத்துக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவி, ஜனங்கள் தர்பூசணியைப் பார்த்தாலே தயங்கியபோதும் அதே நிலைமைதான்.

ஒரு ஏக்கரில் நன்றாக வந்தால் 10 டன்னுக்கு மேல் கிடைக்கும். 200 வீடுகள் உள்ள குடியிருப்பில் வீட்டுக்கு 5 கிலோ பழம் ஒன்று வாங்கினால் மொத்தம் 1 டன். அப்படியானால் ஒரே ஒரு ஏக்கரைக் காலி செய்ய அப்படிப்பட்ட 10 குடியிருப்புகள் வேண்டும். நாலு பேர் பரிதாபப்பட்டு ஆளுக்கு ஒரு பழம் வாங்கிப் போட்டோ போடுவதால் அந்த வயலுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஊரடங்கு சமயத்தில் தாம்பரம் பக்கம் எங்கள் குடியிருப்புக்கு ஒரு குட்டி யானை வண்டி வந்தது. அடியில் வைக்கோல் போட்டு அடுக்கிய பழம். உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள், கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறது. ஒவ்வொருவராக இறங்கி வந்து, விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, திருப்பி வைத்து, இன்னொன்றைத் தட்டி, அப்புறம் விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடினார்கள். பெரிய பழங்கள் போனபிறகு சின்னது மட்டும் மீதி. மதியம் தாண்டியும் பாதி வண்டி காலியாகவில்லை, டீசல் காசாவது தேறியதா என்று தெரியவில்லை. அடுத்த தடவை இரண்டு பெண்கள் முன்னாலேயே முழு வேலையையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் ராத்திரியே யார் யாருக்கு எத்தனை என்று குரூப்பில் எழுதி வாங்கி, பணத்தை மொத்தமாக வசூலித்து அனுப்பி, வண்டியை உள்ளே விடவும் சங்கத்தில் பேசிவிட்டார்கள். பெரியது சின்னது கலந்துதான் வரும் என்பதையும் சொல்லிவிட்டார்கள். அதே பழம், அதே ஜனம்தான். ஒரு மணி நேரத்தில் வண்டி காலி, விவசாயிக்கும் வயலில் கேட்ட விலையைவிட நல்ல விலை, எங்களுக்கும் கடை விலையைவிடக் குறைவு.

உழவர் சந்தை இத்தனை காலம் தாக்குப்பிடித்து நிற்பதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். 1999இல் மதுரையில் முதல் சந்தை திறந்தபோதே இடம், தராசு, விலைப் பலகை என்று எல்லாவற்றையும் அரசு பார்த்துக்கொண்டது, விவசாயி அடையாள அட்டையோடு காயைக் கொண்டுவந்தால் போதும். ஊரடங்கில் பல ஊர்களில் இந்தச் சந்தைகளைப் பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் மாற்றி, இடைவெளி விட்டுக் கடை போடவைத்து நடத்தினார்கள். சென்னையிலோ எல்லாமே கோயம்பேடு மொத்தச் சந்தையை நம்பி இருந்தது. தொற்று பரவி 2020 மே 5 அன்று அதை மூடியபோது திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கும்வரை பட்ட பாடு நமக்குத் தெரியும். இந்தப் பக்கம் காய் விலை ஏறுகிறது, அந்தப் பக்கம் வயலிலேயே காய் வீணாகிறது. இவ்வளவு பெரிய நகரத்துக்கு ஒரே வாசல் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், கோயம்பேடு திறந்ததும் அந்த வாட்ஸ்அப் குரூப்புகள் எல்லாம் அப்படியே அடங்கிவிட்டன. நெருக்கடி வந்தபிறகு நம்பர் தேடி, ஆளைத் தேடி, நம்பிக்கை வருவதற்குள் பழம் அழுகிவிடும். சாதாரண நாளிலேயே மாதம் இரண்டு தடவையாவது ஒரே விவசாயியிடம் வாங்கிக்கொண்டிருந்தால், சாயம் பூசுகிறார்கள் என்று ஒரு வீடியோ வந்தால் பயப்படாமல் அவருக்கே போன் போட்டு, "என்னண்ணா இது, உண்மையா?" என்று கேட்கலாம். போய் வயலையே பார்த்துவிட்டும் வரலாம், மதுராந்தகம் ஒன்றும் தூரமில்லை.

தாம்பரம், சேலையூர், வண்டலூர் பக்கம் குடியிருப்புகளில் இருப்பவர்கள் உங்கள் இடத்தில் எத்தனை வீடு, எந்தக் கிழமை வசதி, வண்டியை உள்ளே விடுவார்களா என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள். பிப்ரவரிக்குள் பட்டியல் கையில் இருந்தால், முதல் பறிப்புக்கு முன்னாலேயே விவசாயிகளிடம் அளவும் விலையும் பேசிவிடலாம்.